மூன்று கொடுத்தால் ஒன்பது

டிசம்பர் முதல் வாரத்திலேயே
மிலோய்காவின் சீட்டு வந்துவிடும்,
மடிப்பில்லாமல், பச்சை மையில்:
ஏப்ரல் 28, 29, 30.

கணக்கு எல்லோருக்கும் தெரியும்.
இருபத்தேழு திங்கள், படையெடுத்தவனை எதிர்த்தெழுந்த நாள்.
மே ஒன்று வெள்ளி, தொழிலாளர் நாள்.
இரண்டு ஓரத்திலும் சனி ஞாயிறு முட்டுக்கொடுக்க
நடுவில் மூன்று நாளைக் கைக்காசாகப் போட்டால்
ஒன்பது நாளைக்கு முகத்தைக் காட்ட வேண்டாம்.
மூன்று கொடுத்தால் ஒன்பது.
எந்த வங்கியும் தராத வட்டி.

வியாழனுக்குள்
நாற்பத்தொரு பேரில் முப்பத்தாறு பேர்
அதே மூன்று கட்டத்துக்குள் நெருக்கியடித்து நின்றார்கள்.

நாங்கள் கதவுக் கீல் செய்கிறவர்கள்.
சாவின்யா ஆற்றோரம் ஒரே நீளக் கூடம்.
அச்சு இயந்திரத்துக்கு நான்கு பேர் வேண்டும்,
யார் எதிர்த்தெழுந்த நாளாக இருந்தாலும் சரி,
அவசர ஆர்டர் வந்தால்.
பட்டியல் போடுவது நான்.
விடுமுறையில் விடுவது பாதி, முறை பாதி.
அவர்களுக்கு முதல் பாதி போதும்.
மற்ற பாதி என் மேசையில் கிடக்கும்.

போன வருடம் போனவர் யார்,
பள்ளிக்கூடம் போகும் பிள்ளை யாருக்கு,
அறைக்கு முன்பணம் கட்டியவர் யார்
(கட்டிவிட்டு வந்து கேட்பவர்கள் தனி இனம்).
இந்த நாட்டுக்கு மொத்தமே
நாற்பத்தேழு கிலோமீட்டர் கடல்.
ஒருவரை ஒருவர் பார்க்காமலிருக்கத்தான் போகிறார்கள்.
போய், பிரான் துறைமுகத்தில்
ஒரே ஐஸ்கிரீம் வரிசையில் நிற்பார்கள்.

பிறகு ஒப்பாரி.
பிப்ரவரி எட்டை ஞாயிறு விழுங்கிவிட்டது.
மாதா விண்ணேறிய நாள் சனியில் போய் விழுந்தது.
கல்லறைக்கு விளக்கேற்றும் நாளும் ஞாயிறுதான்.
"செத்துப்போயும் நமக்கு ஒரு திங்கள்
விட்டுக்கொடுக்க மனசில்லை" என்றாள் ஸ்லாவிட்சா,
தன் மாமியாரை நினைத்து.

கடைசியாக வந்தது போருட்டின் சீட்டு.
சரக்கு ஏற்றுமிடத்தில் இருபத்திரண்டு வருடம்.
நவம்பர் 18, புதன். ஒரே நாள்.
காரணம்: ஒன்றுமில்லை.
"ஒன்றுமில்லை" என்றே எழுதியிருந்தார்.

நாள்காட்டியைப் புரட்டிப் பார்த்தேன்.
அந்தப் புதனுக்கு அக்கம்பக்கத்தில் எதுவுமில்லை.
பாலம் போட இரண்டு பக்கமும் கரையே இல்லை.
மருத்துவமனையா? வழக்கா?
காபி இயந்திரத்தருகே பிடித்துக் கேட்டேன்.

"பண்டிகையன்று நான் சும்மா இருந்தால்
நாடே சும்மா இருக்கிறது.
கடை மூடி, தெரு மூடி.
அதில் என்னுடையது எது என்று தெரியவில்லை.
ஒரே ஒரு தடவை
நீங்கள் எல்லோரும் வேலை செய்யும்போது
நான் சும்மா இருந்து பார்க்கணும்."

சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன்.
ஏப்ரலுக்குக் குலுக்கல், அவர் தொப்பியில்தான்.
மிலோய்காவுக்கு விழவில்லை.
ஜூன் இருபத்தாறை எழுதித் தரும்வரை
அவள் என்னோடு பேசவில்லை.

நவம்பர் 18. பத்து மணிவரை மூடுபனி.
அச்சு இயந்திரத்தில் ஒரு ஆள் குறைய
கையுறை மாட்டிக்கொண்டு நானே நின்றேன்.
பனி விலகியபோது
அக்கரை பெஞ்சில் போருட்,
மடியில் காகிதப் பொட்டலம்,
சுட்ட செஸ்நட் உரித்துத் தின்றபடி
எங்கள் ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
டக், டக் என்று இயந்திரம் போடும் சத்தம்
அவருக்குக் கேட்டிருக்கும்.
இத்தனை வருடம் உள்ளேயிருந்து கேட்டது.
கையசைத்தார்.
என் இரண்டு கையிலும் கீல்.

எனக்கு இன்னும் பதினோரு நாள் பாக்கி.
ஜூன் முப்பதுக்குள் எடுக்காவிட்டால் அவை காலாவதி.
எல்லோருக்கும் நினைவூட்டுக் கடிதம் அனுப்புகிறவள் நான்,
எனக்கும் ஒன்று அனுப்பிக்கொண்டேன், விதிப்படி.

மறுநாள் மதியம்
அடுத்த வருடத்தின் தாளை விரித்து
மார்ச் மாதத்தில்
யாரும் தொடாத ஒரு செவ்வாயைப் பென்சிலால் வளைத்தேன்.
செஸ்நட் கிடைக்காத மாதம்.
பரவாயில்லை.